ஐந்தாவது தடவை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது: மதர்போர்டு போய்விட்டதா?

கேள்வி: கும்பகோணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கணக்கு எழுதும் டெஸ்க்டாப் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. ஒரு மாதமாகக் காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் லேசாகச் சுற்றி நின்றுவிடுகிறது. நான்கைந்து தடவை அழுத்திய பிறகுதான் ஆன் ஆகிறது. அப்புறம் ராத்திரி கடை அடைக்கும் வரை ஒரு தொந்தரவும் இல்லை. சர்வீஸ் கடையில் மதர்போர்டு போய்விட்டது, புது கம்ப்யூட்டரே வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இன்று ஆன் ஆனதும் முதல் வேலையாகக் கணக்கு ஃபைல்களை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். ஐந்தாவது தடவை எழுந்திருக்கும் மெஷின் ஒரு நாள் எழுந்திருக்காமலே போகும்.

இனி கோளாறுக்கு வருவோம். மதர்போர்டு செத்துப்போயிருந்தால் பெரும்பாலும் காலை, மாலை என்று பேதம் பார்க்காது. காலையில் முரண்டு பிடித்து, பிறகு நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது என்றால் என் சந்தேகம் முதலில் எஸ்.எம்.பி.எஸ். மேல்தான் விழும். கரண்ட் ஒயர் போய்ச் செருகும் அந்த இரும்புப் பெட்டிதான் அது; வரும் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும்.

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்த பிறகும், சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஒரு சின்னப் பகுதி விழித்தே இருக்கும். மதர்போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. நீங்கள் பட்டனை அழுத்தும்போது அந்த 5 வோல்ட்டின் தெம்பில்தான் மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மற்ற பகுதிகளை எழுப்புகிறது. 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் நிலைக்கு வந்ததும் எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். அரை நொடிக்குள் நடந்து முடியும் சமாசாரம் இது. சிக்னல் வராவிட்டால் ஃபேன் சுற்றியதோடு சரி.

இந்த இடத்தில்தான் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் கரண்டைத் தேக்கிவைக்கும் சின்ன உருளையான கெப்பாசிட்டர் காலை வாரும். அதற்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கான சூட்டில் மெல்ல உலர்ந்துபோகும். உலர்ந்த கெப்பாசிட்டர் குளிர்ந்து கிடக்கும்போது சரியாக வேலை செய்யாது. கொஞ்சம் சூடேறினால் ஒப்பேற்றிவிடும். ராத்திரி சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் கடையைப் பூட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் காலையில் அது முழுக்கக் குளிர்ந்திருக்கும். நான்கைந்து தடவை அழுத்துவதற்குள் சற்றே சூடாகிவிடுகிறது.

இதைக் காசு செலவில்லாமல் சோதிக்கலாம். ஒரு நாள் மதியம் ஷட்டவுன் செய்து, சுவர் சுவிட்சையும் அணைத்து மூன்று மணி நேரம் விடுங்கள். இன்னொரு நாள் ஷட்டவுன் மட்டும் செய்து சுவர் சுவிட்சைப் போட்டபடி அதே மூன்று மணி நேரம் விடுங்கள். முதல் நாள் தகராறு செய்து, இரண்டாம் நாள் ஒரே அழுத்தில் ஆன் ஆனால் என் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. ராத்திரி ஆளில்லாத கடையில் இந்தச் சோதனை வேண்டாம்.

நிற்பதற்கு எத்தனை நொடி ஆகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். சரியாக நான்கு நொடி கழித்து நிற்கிறது என்றால் கதையே வேறு: பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. பட்டனை நான்கு நொடி அழுத்திப் பிடித்தால் அணையும்படிதான் கம்ப்யூட்டர்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. தூசியும் பிசுக்கும் சேரும் கடைகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டனைச் சுத்தம் செய்தாலே போதும்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்திருக்கும் ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது. மதர்போர்டில் செருகியிருக்கும் 24 பின் கனெக்டரில் ஊதா ஒயர் ஒன்று இருக்கும். மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும், சிவப்பு முனையை அந்த ஊதா ஒயரின் பின்பக்கத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பட்டனை அழுத்தும் நொடியில் அது 4-க்குக் கீழே சரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

சில மெக்கானிக்குகள் அதே கனெக்டரைக் கழற்றி, அதன் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்து, ஃபேன் சுற்றினால் 'எஸ்.எம்.பி.எஸ். நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பாதீர்கள். சும்மா ஃபேன் சுற்றுவது வேறு, மதர்போர்டின் பாரத்தைச் சுமப்பது வேறு. ஒரு அச்சகத்து மெஷினில் நானே இப்படி ஏமாந்து, இரண்டு நாள் ரேமையும் மதர்போர்டையும் நோண்டிக்கொண்டிருந்தேன். நல்ல நிலையில் இருக்கும் வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை இரவல் வாங்கி மாட்டியதும் முதல் அழுத்திலேயே ஆன் ஆனது. உங்களுக்கும் அதுதான் நம்பகமான கடைசிச் சோதனை. பெரிய கம்பெனிகளின் ரெடிமேட் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் கனெக்டரே வேறு மாதிரி இருக்கும். அதனால் இரவல் வாங்கும் முன் பின்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

இரவல் எஸ்.எம்.பி.எஸ். மாட்டியும் அதே தகராறு என்றால் மதர்போர்டு பற்றிச் சர்வீஸ்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். அப்போதும் மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளை ஒரு தடவை பாருங்கள்; அவையும் கெப்பாசிட்டர்கள்தான். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ, அவற்றை மட்டும் மாற்றித் தரும் மெக்கானிக் கிடைக்கலாம். ரேம் கோளாறாக இருந்தால் பெரும்பாலும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், திரையில்தான் ஒன்றும் வராது. உங்கள் விஷயத்தில் அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் அதற்குள் 300-க்கும் மேற்பட்ட டி.சி. வோல்ட்டாகத் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அப்படியே இருக்கும்.

புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது, உங்கள் கம்ப்யூட்டரில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை என்றால் 400, 450 வாட் தாராளம். கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை உள்ளதாகவும், குறைந்தது மூன்று வருட வாரண்டி உள்ளதாகவும் கேளுங்கள். கையில் எடுத்தால் காலி டப்பா போல லேசாக இருப்பதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாட்டும்போது 24 பின் கனெக்டரோடு, பிராசஸருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 பின்னில் இன்னொன்று உண்டு. அதைச் செருக மறந்தால் ஃபேன் சுற்றும், திரை இருட்டாகவே இருக்கும்.