சிக்னலில் நின்றால் காருக்குள் ஆயில் கருகும் வாடை வருகிறது. ரிங் (சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையிலேயே தேவையா?

பெரும்பாலும் தேவைப்படாது. இதே வாடையோடு நான் ஒரு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதில் பாதி என் அவசரத்தால் வந்த வினை.

என்னுடையது பெட்ரோல் வண்டி, அப்போது 90,000 கிலோமீட்டர் தாண்டியிருந்தது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. சேலத்தில் ஒரு சிக்னலில் நின்றால் போதும், அப்பளம் பொரித்த சட்டியை அடுப்பிலேயே மறந்த மாதிரி ஏசி வழியாக வாடை வரும். ஏற்காட்டுக்குப் போன அன்று 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்து ஏரிப் பக்கம் நிறுத்தினால், பானெட் இடுக்கில் லேசாகப் புகை. "கிளட்ச் தீயுதுங்க மாமா" என்றான் மச்சான். இல்லை. கிளட்ச் வாடை காகிதமும் கயிறும் சேர்ந்து எரிகிற மாதிரி காரமாக இருக்கும், ஏற்றத்தில் பாதி கிளட்சில் நிறுத்தி எடுத்தவுடன் வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கூலன்ட் கசிந்தால் வெல்லப்பாகு மாதிரி இனிப்பாக அடிக்கும். பிளாஸ்டிக் உருகுகிற நாற்றம் என்றால் ஒயர். அதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது.

நின்றால் மட்டும் ஏன் வருகிறது? காருக்குள் வெளிக்காற்று நுழையும் வழி முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கம் இருக்கிறது. ஓடும்போது புகையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நின்றதும் அது நேராக மேலே எழும்பி அந்த வழியாக உள்ளே வரும். உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அழுத்திப் பாருங்கள். வாடை குறைந்தால் அது பானெட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. ரிங் தேய்ந்தால் ஆயில் உள்ளே சிலிண்டரில் எரியும், சைலன்சரில் நீலப்புகை வரும், ஆயில் அளவும் வேகமாக இறங்கும். என் வண்டியில் நீலப்புகை சுத்தமாக இல்லை. ஆனாலும் நான் முதலில் காட்டிய இடத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் "ரிங்தாங்க சார்" என்றார்கள்.

வேறொருவரிடம் போனேன். டேப்பட் கவர் பேக்கிங் போயிருக்கிறது என்றார். அதாவது இன்ஜின் தலைமேல் இருக்கும் மூடிக்கு அடியில் உள்ள ரப்பர். சூட்டிலேயே கிடந்து கெட்டித்து, ஓரத்தில் ஆயிலை விடும். அது சொட்டுச் சொட்டாக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், அதாவது இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் விழும். ஓடி வந்த வண்டியில் அந்த இரும்பு 300 டிகிரிக்கு மேலும் போகும். இன்ஜின் ஆயில் 200 டிகிரி சுமாரிலேயே புகைய ஆரம்பித்துவிடும். பேக்கிங்கை மாற்றினோம், சில நூறு ரூபாய்தான். வாடை போயிற்று.

நாலு மாதத்தில் திரும்ப வந்தது.

இந்த முறை அவர் கவரைத் தொடவில்லை. இன்ஜினை டீசல் தொட்ட பிரஷ்ஷால் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு முகத்துக்குப் பூசும் பவுடரை எல்லா ஓரத்திலும் தூவிவிட்டு, "பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க சார்" என்றார். ஆயில் கீழேதான் வழியும், காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் நனைந்திருக்கும் இடத்தில் மிக மேலே உள்ளதுதான் கசிவு. பவுடர் அதை அப்படியே காட்டிக்கொடுத்தது: மறுபடியும் அதே கவர், புது பேக்கிங்கைத் தாண்டி.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு பிசிவி வால்வைக் கழற்றி, அதன் வாயில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். உறிஞ்ச வேண்டும், உறிஞ்சவில்லை. கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே சின்னதாகக் கடகடவென்று சத்தம் வரவேண்டும். கருப்புப் பிசுக்கு அடைத்துக் கல் மாதிரி இருந்தது. இன்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தம் இந்த வால்வு வழியாகத்தான் வெளியேறும். அது அடைபட்டால் எந்தப் பேக்கிங் போட்டாலும் அழுத்தம் அதைத் தள்ளித்தான் வெளியே வரும். வால்வையும் பேக்கிங்கையும் சேர்த்து மாற்றினோம். அதோடு சரி.

மாற்றும்போது ஸ்பார்க் பிளக் குழியையும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஆயில் தேங்கினால் வண்டி திக்கும். கவர் போல்ட்டை "இறுக்கினா கசியாது" என்று முழு பலத்தோடு முறுக்க விடாதீர்கள், அலுமினிய மரை வழுக்கிவிடும். சரி செய்த பிறகும் ஒரு வாரம் வாடை இருக்கும், பழைய ஆயில் எரிந்து தீரும் வரை. நான் இரண்டாம் நாளே பயந்து திரும்பப் போய் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆயில் சர்வீஸ் முடிந்த மறுநாளே வாடை வந்திருந்தால் இவ்வளவும் வேண்டாம். ஊற்றும்போது சிந்தியிருக்கும், இல்லை ஃபில்டர் சரியாக முறுக்கப்பட்டிருக்காது. இன்றைக்கே சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிஷம் ஆறவிட்டு, டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள். டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் வீடுவரைகூட ஓட்டாதீர்கள்.

கம்ப்ரஷன் என்பது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், ரிங் தேய்ந்தால் அது குறையும். அதனால் உங்கள் மெக்கானிக்கிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கம்ப்ரஷன் எவ்வளவு வந்ததுங்க அண்ணா, நாலு சிலிண்டர்லயும்?" மீட்டர் போட்டே பார்க்கவில்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.