பிடித்த துறைக்குப் போவதற்காக இருக்கும் வேலையை விடலாமா?

உடனே விடாதீர்கள் என்பதுதான் என் பதில். கணிதமேதை ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டாமல் எஃப்.ஏ. என்ற அந்நாளைய கல்லூரித் தேர்வில் தோற்றவர். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். நல்லவேளையாக, அங்கே மேலதிகாரி நாராயண ஐயரும் கணக்குப் பித்தர். கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு 1913 ஜனவரியில் கடிதம் எழுதியபோது ராமானுஜன் குமாஸ்தாதான். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்த பிறகே முழுநேரக் கணிதத்துக்கு வந்தார்.

நாமெல்லாம் ராமானுஜன் இல்லை, சரி. நமக்கு அது உண்மையிலேயே பிடித்த வேலையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதில் சலிப்பூட்டும் பகுதியைச் செய்து பாருங்கள். புகைப்படக்காரர் ஆக ஆசை என்றால், படம் எடுப்பது கொஞ்ச நேரம்தான். ஒரு கல்யாணத்தில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் கண் மூடியவற்றைக் கழித்து, ஆல்பம் அடுக்கி, பாக்கிப் பணத்துக்கு நாலு தடவை போன் போட வேண்டும். சனி, ஞாயிறுகளில் யாரிடமாவது உதவியாளராகப் போங்கள். தை, மாசி முகூர்த்தங்கள் முடிந்த பிறகும் அலுக்கவில்லை என்றால், அப்புறம் ராஜினாமாவைப் பற்றி யோசிக்கலாம்.