வெயில் காலத்தில் மறைத்து வைத்துக்கொள்ள எந்தத் துப்பாக்கி? டெக்சஸ் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

ஹூஸ்டன் பக்கம் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வகுப்பு எடுக்கிறேன். ஜூன் பிறந்தால் போதும், நம்மவர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். ஜனவரியில் ஜாக்கெட்டுக்குள் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம். டீஷர்ட்டும் அரைக்கால் சட்டையுமாக, வேர்த்து ஊற்றிக்கொண்டு திரியும் மாதங்களில்தான் சிக்கல். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றை எடுத்துப் பதில் எழுதுகிறேன். சொல்வதெல்லாம் டெக்சஸுக்கு. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அங்குள்ள சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, சிக் பி365 வாங்கட்டுமா, க்ளாக் 43எக்ஸ் வாங்கட்டுமா? நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். டெக்சஸில் லைசென்ஸே வேண்டாம் என்கிறார்களே? (கேட்டியிலிருந்து ஒரு தம்பி)

இரண்டும் வேண்டாம், தம்பி. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயதானவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பது உண்மைதான். ஆனால் அது சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். எச்1பி, எஃப்1, எச்4 என எந்தத் தற்காலிக விசாவில் இருப்பவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று மத்திய அரசின் சட்டமே தடுக்கிறது. மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அது இங்கே உதவாது. மீறினால் 15 வருடம் வரை சிறை, அதோடு குடியேற்ற வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

வேட்டை லைசென்ஸ் எடுத்தால் போதும் என்று நண்பர் யாராவது சொல்லியிருப்பார். சட்டத்தில் அப்படி ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை நம்பி இடுப்பில் செருகிக்கொண்டு அலைவதற்கு முன்னால் ஒரு குடியேற்ற வக்கீலுக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து பேசுங்கள். கிரீன் கார்டுக்காக இத்தனை வருடம் காத்திருந்துவிட்டு இதில் போய் விழ வேண்டாம். கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டால் குடிமகன் போலவே கடையில் 4473 படிவம் நிரப்பி வாங்கலாம்.

நான் இங்கேயே பிறந்தவள். வீட்டுக்காரருக்கு எச்1பி. என் பெயரில் வாங்கி வீட்டில் வைக்கலாமா?

நீங்கள் வாங்கலாம். ஆனால் அவர் கைக்கு எட்டும்படி இருந்தால், அவரும் வைத்திருப்பதாகவே சட்டம் கருத இடமுண்டு. சேஃப் ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். சாவியும் எண்ணும் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். அவர் பிறந்தநாளையோ கல்யாண நாளையோ எண்ணாக வைக்காதீர்கள்.

வெயிலுக்கு ஆகச் சிறியதாகப் பார்க்கிறேன். ரூகர் எல்சிபி மேக்ஸ் சட்டைப்பை அளவுதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் எல்லோரும் கொஞ்சம் பெரியதை வாங்கச் சொல்கிறார்கள்?

எல்சிபி மேக்ஸ் வெறும் 300 கிராம். கால்சட்டைப் பையில் போட்டால் இருக்கிற இடமே தெரியாது. ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) சுட்டுப் பார்த்தால் ஏன் மற்றதைச் சொல்கிறார்கள் என்று புரியும். எடை குறைந்தால் உதை கூடும். கைப்பிடி சிறுத்தால் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது, ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி உள்ளங்கையில் நழுவும். குறிபார்க்க உதவும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி குறைவு என்பதால் கையில் வரும் சின்ன நடுக்கமும் இலக்கில் பெரிதாகத் தெரியும். இரண்டு மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு) சுட்டதும் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அப்புறம் அதை வெளியே எடுக்காமலே விட்டவர்கள் என் வகுப்பிலேயே நிறையப் பேர்.

தோட்டா விஷயமும் இருக்கிறது. எல்சிபி மேக்ஸ் சுடுவது .380 என்ற சின்ன ரகத் தோட்டா. தற்காப்புத் தோட்டா, உடம்புத் தசைக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் ஜெலாட்டினில் 12 முதல் 18 அங்குலம் வரை இறங்க வேண்டும் என்பது எஃப்பிஐ வைத்திருக்கும் அளவுகோல். குட்டைக் குழலில் .380-க்கு அது இழுபறிதான். தோட்டா நன்றாக விரிந்தால் ஆழம் போதாது, ஆழமாகப் போனால் சரியாக விரிந்திருக்காது. அதைவிட வலுவான 9 மிமீ தோட்டாவுக்கு அந்தத் திண்டாட்டம் குறைவு.

முன்பெல்லாம் மெலிந்த 9 மிமீ வேண்டுமென்றால் ஆறேழு தோட்டாவோடு திருப்தி அடைய வேண்டும். 2018-இல் பி365 வந்த பிறகு அந்தக் கணக்கு மாறியது: சுமார் அரைக் கிலோ எடை, ஓர் அங்குலச் சொச்சம் தடிமன், மேகசினில் 10 தோட்டா. அடுத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெல்கேட், க்ளாக் 43எக்ஸ், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு பிளஸ் எல்லாம் அதே வரிசையில் வந்தன. வெயில் காலத்துக்கு என்னைக் கேட்டால் இந்த நான்கில் ஒன்று. நான்கையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். உங்கள் கைக்கு எது உட்காருகிறதோ அதுதான் உங்களுக்கு, இணையத்தில் யார் எதைப் புகழ்ந்தாலும் சரி. சட்டைப்பைத் துப்பாக்கியை இரண்டாவதாக வாங்கலாம், முதலாவதாக வேண்டாம்.

ஏற்கெனவே க்ளாக் 19 இருக்கிறது. கோடைக்காக இன்னொன்று வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம், முதலில் ஹோல்ஸ்டரையும் (துப்பாக்கி உறை) பெல்ட்டையும் மாற்றிப் பாருங்கள். க்ளாக் 19 தோட்டா நிரப்பினால் 850 கிராம் இருக்கும். துணிக்கடை பெல்ட் அந்த எடைக்குத் தொங்கிப்போகும். துப்பாக்கி வெளிப்பக்கமாகச் சாயும், சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டு தெரியும். விறைப்பான பெல்ட் போட்டாலே பாதி மறைந்துவிடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சட்டைக்கு வெளியே காட்டிக்கொடுப்பது குழலின் நீளம் இல்லை, கைப்பிடியின் நீளம். குழல் பேண்ட்டுக்குள் போய்விடுகிறது, கைப்பிடிதான் இடுப்புக்கு மேலே நிற்கிறது. 43எக்ஸ் மெல்லியதாக இருந்தாலும் அதன் கைப்பிடி ஏறக்குறைய 19-இன் நீளம்தான். அதனால் குனியும்போது இரண்டும் ஒரே மாதிரித்தான் மாட்டிவிடும். இதற்காகவே இப்போது ஹோல்ஸ்டரில் ஒரு சின்னக் கொக்கி வருகிறது. ‘க்ளா’ என்று கேட்டு வாங்குங்கள். அது பெல்ட்டின் உட்பக்கத்தை அழுத்திக் கைப்பிடியை வயிற்றோடு திருப்பிவிடும். தொப்பை இருப்பவர்களுக்கு (நம்மில் யாருக்குத்தான் இல்லை) ஹோல்ஸ்டரின் அடியில் ஒட்டும் ஸ்பாஞ்சு ஆப்பு இன்னும் உதவும்.

சட்டை விஷயத்தில் ஒரு அளவு கூட்டி எடுங்கள். பூப்போட்ட அரைக்கைச் சட்டையை வெளியே விட்டால் போதும். வெளிர்நிற ஒற்றை நிறச் சட்டைதான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் நாடா வைத்த ஷார்ட்ஸ்தான் போடுவேன். பெல்ட்டே கிடையாது. என்ன செய்வது?

இதற்கென்றே துணிப் பட்டையோடு வரும் ஹோல்ஸ்டர்கள் இருக்கின்றன. ஷார்ட்ஸுக்கு உள்ளே தனியாகக் கட்டிக்கொள்ளலாம். வாங்கும்போது ட்ரிக்கரைச் சுற்றி கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த கூடு இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். வெறும் எலாஸ்டிக் துணியாக இருந்தால் வெளியிலிருந்தே ட்ரிக்கரை அழுத்திவிடலாம். அது ஆபத்து.

ஷார்ட்ஸ் நாடாவின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பூட்டு இருக்குமே, அதைக் கத்தரித்து எறியுங்கள். துப்பாக்கியைத் திரும்ப உள்ளே வைக்கும்போது அந்தப் பூட்டோ டீஷர்ட் நுனியோ ட்ரிக்கர் வளையத்துக்குள் நுழைந்துகொண்டால், நீங்கள் தள்ளத் தள்ள அது ட்ரிக்கரைப் பின்னால் இழுக்கும். குழல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. க்ளாக் மாதிரித் துப்பாக்கிகளில் தனி சேஃப்டி கிடையாது. வெளியே எடுப்பதற்குத்தான் வேகம் வேண்டும், உள்ளே வைப்பதற்கு யாரும் பரிசு தரப்போவதில்லை. ஹோல்ஸ்டரைக் கழற்றி, துப்பாக்கியை அதற்குள் வைத்து, அப்புறம் இரண்டையும் சேர்த்து இடுப்பில் மாட்டுவது இன்னும் நல்லது.

எனக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி) இழுக்கக் கையில் வலுவில்லை. மகன் சின்ன ரிவால்வர் வாங்கு என்கிறான். (சுகர்லேண்டிலிருந்து ஒரு அக்கா)

அக்கா, மகன் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்ற ஐந்து தோட்டா ரிவால்வரில் ஸ்லைடே கிடையாது. பையில் போட வசதி, சிக்குவதும் அபூர்வம். ஆனால் அதன் ட்ரிக்கர் கனமானது, நீளமாக இழுக்க வேண்டும். ஸ்லைடை இழுக்க முடியாத கைக்கு அதுவும் கஷ்டமாகவே இருக்கும். எடை 400 கிராம் சொச்சம், சுட்டால் உள்ளங்கை எரியும்.

வாங்குவதற்கு முன் ஷீல்டு ஈஸி என்ற மாடலைக் கையில் எடுத்துப் பாருங்கள். .380-இலும் 9 மிமீயிலும் வருகிறது. ஸ்லைடின் ஸ்பிரிங்கை இளக்கமாக வைத்திருக்கிறார்கள். .380 இன்னும் சுலபம். எல்சிபி பற்றி மேலே குறை சொன்னவனே உங்களுக்கு .380 சொல்கிறேனே என்று கேட்காதீர்கள். துப்பாக்கி பெரியதாக இருந்தால் அதே தோட்டாவின் உதை மெதுவாகத்தான் தெரியும். ஸ்லைடை இழுப்பதிலும் ஒரு வித்தை உண்டு: வலது கையால் கைப்பிடியை முன்னே தள்ளுங்கள், இடது கை ஸ்லைடை அப்படியே பிடித்துக்கொள்ளட்டும். தோள் வேலை செய்யும், விரல் தப்பிக்கும்.

வேர்வையில் துரு பிடிக்கிறது. என்ன எண்ணெய் போடலாம்?

எந்த நல்ல துப்பாக்கி எண்ணெயும் போதும். முக்கியம் எண்ணெய் இல்லை, தினமும் இரவு துணியால் துடைப்பது. இப்போது வரும் பல ஸ்லைடுகளுக்குத் துருவைத் தடுக்கும் மேற்பூச்சு உண்டு, அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. முதலில் துரு ஏறுவது குறிகளின் ஓரம், ஹோல்ஸ்டர் ஸ்குரூ, மேகசினின் விளிம்பு ஆகிய இடங்களில். அங்கே பாருங்கள். தோல் ஹோல்ஸ்டர் உப்புத் தண்ணீரைக் குடித்துவைத்துக்கொண்டு துப்பாக்கியோடு ஒட்டி நிற்கும். ஹூஸ்டன் புழுக்கத்துக்குக் கைடெக்ஸ்தான். உள்ளே ஒரு பனியன் போட்டுக்கொண்டால் உடம்பும் அரிக்காது. இடுப்பில் மாதக்கணக்கில் கிடந்த தோட்டாக்களை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியது போடுங்கள்.

வெயிலுக்குப் பயந்து காரிலேயே விட்டுவிட்டால்?

ஜன்னலை உடைப்பவனுக்குப் பரிசு கொடுத்த மாதிரி. தவிர்க்க முடியாத சமயத்தில், இருக்கை இரும்போடு கம்பியால் கட்டிய லாக் பாக்ஸில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்கக் காரில் கிடக்கக் கூடாது.

கோயிலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகும்போது எங்கே செருகுவது?

எங்கேயும் செருக வேண்டாம், சார். வீட்டு சேஃபில் வைத்துவிட்டுப் போங்கள். சட்டையைக் கழற்ற வேண்டிய சன்னிதியில் எதை மறைப்பீர்கள்? தவிர, டெக்சஸில் வழிபாட்டுத் தலங்கள் அறிவிப்பு வைத்துத் துப்பாக்கியைத் தடுக்கலாம். வாசலில் 30.06 என்ற எண்ணோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பலகை இருந்தால் லைசென்ஸ் இருப்பவரும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. 30.05 பலகை லைசென்ஸ் இல்லாதவர்களைத் தடுப்பது. உட்கார்ந்து குடிக்கும் பார்களில் சிவப்பில் 51 என்று போட்டிருந்தால் இருவருக்குமே தடை. பள்ளிக்கூடம், கோர்ட், வாக்குச்சாவடி ஆகியவற்றுக்குப் பலகையே தேவையில்லை, சட்டத்திலேயே தடை இருக்கிறது.

அப்படியானால் லைசென்ஸ் எடுப்பதில் என்ன லாபம்?

நான் வகுப்பு எடுப்பவன், எடுங்கள் என்றுதான் சொல்வேன். இருந்தாலும் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற மத்தியச் சட்டத்தில் லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. பிள்ளையை இறக்கிவிடப் போகும் எவரும் அந்த 1000 அடியைத் தாண்டாமல் இருக்க முடியாது. அரசுக் கட்டணம் 40 டாலர். தேர்வில் 3, 7, 15 கெஜ தூரத்தில் மொத்தம் 50 தோட்டா சுட வேண்டும், 250-க்கு 175 எடுத்தால் பாஸ். வாங்கப்போகும் துப்பாக்கியையே கொண்டுவந்து அந்தத் தேர்வைச் சுட்டுப் பாருங்கள். 15 கெஜத்தில் சட்டைப்பைத் துப்பாக்கியின் லட்சணம் தெரிந்துவிடும்.

நியூஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியா, இல்லினாய் மாநிலங்களில் டெக்சஸ் லைசென்ஸ் செல்லாது. நியூஜெர்சி எடிசனில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் வெறும் கையோடு போங்கள்.

பையனுக்கு எட்டு வயது. துப்பாக்கியைப் பற்றி அவனுக்குச் சொல்லிவிட்டால் போதாதா?

சொல்லுங்கள், பூட்டவும் செய்யுங்கள். 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கையில் தோட்டா போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி அலட்சியமாக விட்டால் டெக்சஸில் அது குற்றம். இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் சேஃபில். அலமாரி மேல்தட்டு என்பது எட்டு வயதுப் பையனுக்கு ஒரு நாற்காலி தூரம்தான்.

டிசம்பரில் சென்னை போகிறோம். துப்பாக்கியைக் கொண்டுபோகப் போவதில்லை. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பையைக் கவனியுங்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோன முதுகுப்பையையே விமானத்துக்கும் தூக்கிக்கொண்டு போவதுதான் பலர் வழக்கம். சின்ன அறையின் தையலோரத்தில் ஒரே ஒரு 9 மிமீ தோட்டா ஒளிந்திருந்தால் போதும், ஸ்கேனரில் தெரியும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் வந்தது என்று பிறகு கோர்ட்டில் சொல்லித் தப்பலாம். அதற்குள் போலீஸ் நிலையம், வழக்கு, தவறிய விமானம் என்று விடுமுறை போய்விடும். ரேஞ்சுக்கென்று தனிப் பை ஒன்று வாங்கி, அதைத் துப்பாக்கியோடு சேஃபிலேயே வையுங்கள். கிளம்பும் முன் பழைய பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறி, ஒவ்வொரு ஜிப்பிலும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஜீன்ஸின் குட்டிப் பையையும்தான்.