தேயிலைக் கிளையில் குண்டூசித் துளை

கேள்வி: கவாத்து செய்த தேயிலைக் கிளைகளில் குண்டூசித் தலையளவு துளைகள், உள்ளே கரிய வண்டு. மரத்தைத் தின்கிறதா ஐயா?
– வாசகி, வால்பாறை

பதில்: இல்லை அம்மா. வாயருகே உள்ள பைகளில் பூஞ்சை வித்துகளைச் சுமந்து வந்து, துளைச் சுவரில் பயிரிட்டு, அதையே அது உண்கிறது. புழுக்களுக்கும் அதுவே உணவு. இந்த உழவைக் காணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். துளைப்பது பெண், சுமார் இரண்டரை மில்லிமீட்டர். ஆண் இன்னும் சிறியது, பறக்காது.

1868இல் பூச்சியியலாளர் ஐக்காஃப், இலங்கையில் கிடைத்த இவ்வகை வண்டுக்கு ‘ஃபோர்னிகேட்டஸ்’ என்று பெயரிட்டார். அந்த ஒரு பெயருக்குள் நான்கு இனங்கள் ஒளிந்திருந்தன! 2019 வகைப்பாட்டுத் திருத்தத்தின்படி தேயிலைத் துளைப்பான் ‘யூவாலேசியா பெர்பிரெவிஸ்’. ஆனால் ‘ஃபோர்னிகேட்டியர்’ என்ற உறவினமும் தேயிலையில் உண்டு. கைலென்ஸ் இவற்றைப் பிரிக்காது. மரபணுச் சோதனை வேண்டும். நான்கைந்து பெண் வண்டுகளை எத்தனாலில் இட்டு, ஊரும் தேதியும் பென்சிலால் எழுதி வையுங்கள்.