‘பண்டைச் சீனம்’ பாட அலகு தேறுமா? கேள்வி பதில்

ஆறாம் வகுப்புக்கான ‘பண்டைச் சீனம்’ அலகை எப்படி எடைபோடுவது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவை, வரலாற்று ஆசிரியர் ஒருவரின் பதில்களுடன்.

சார், அலகு பெரிதாக இருக்கிறது. முழுவதும் படிக்க நேரமில்லை. முதலில் எதைப் பார்க்கலாம்?

சீனத்தின் பழைய அரச வம்சங்களில் ஒன்றான ஷாங் காலப் பக்கத்தைப் புரட்டுங்கள், மேடம். ஷாங் தலைநகரிருந்த ஆன்யாங்கில் கிடைத்த, குறி கேட்டு எழுத்துப் பொறித்த எலும்புகளும் ஆமையோடுகளும் வெறும் படமாக நிற்கின்றனவா, பிள்ளைகள் வாசிக்க ஒரு வாசகமாவது உண்டா? அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

நான் எதிர்பார்ப்பது அரசி ஃபூ ஹாவின் பிரசவம் பற்றிய குறி. ஆமையோட்டைச் சுட்டு, விழுந்த வெடிப்பைப் பார்த்து, எந்த நாளில் பிறந்தால் நல்லது என்று அரசன் சொல்கிறான். 31 நாள் கழித்துக் குழந்தை பிறந்தது. ‘நல்லதில்லை, பெண்’ என்று அதிலேயே பொறித்துவைத்திருக்கிறார்கள். படித்ததும் பிள்ளைகள் கொதிப்பார்கள். அப்போது அடுத்த வாசகத்தை நீட்டுங்கள்: அதே ஃபூ ஹாவ் 13,000 பேர் படையோடு போருக்குப் போனவள். 1976இல் கொள்ளைபோகாமல் கிடைத்த அவள் கல்லறையில் வெண்கலப் போர்க்கோடரிகளும் இருந்தன. அந்தச் சமூகத்தில் பெண்ணின் நிலை என்ன என்று இப்போது கேட்டுப் பாருங்கள், வகுப்பு இரண்டுபடும். ‘ஷாங் மக்கள் எழுத்தைக் கண்டுபிடித்தனர்’ என்று ஒரே வரியில் முடிக்கும் அலகில் இதற்கு வழியில்லை.

சின் பேரரசர் 460 அறிஞர்களைப் புதைத்தார் என்று மகன் புத்தகத்தில் இருக்கிறது. உண்மையா?

அப்படி எழுதியவர் வரலாற்றாசிரியர் சிமா சியான். சின் வீழ்ந்து ஏறக்குறைய நூறாண்டு கழித்து, அடுத்து வந்த ஹான் அரசவையில் இருந்தவர். கி.மு. 213இல் நூல்களை எரித்ததைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். புதைத்த கதையைப் பலர் சந்தேகிக்கிறார்கள். யார், எப்போது எழுதியது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் தரும் பாடத்துக்கு மதிப்பெண்ணைக் குறைப்பேன். 1975இல் ஷுய்ஹூதியில் ஒரு சின் கால அலுவலரின் கல்லறையில் மூங்கில் சட்டச் சுவடிகள் கிடைத்தன. அதில் அபராதமே ஒரு கேடயம், ஒரு கவசம் என்றுதான் கணக்கு! கொடுங்கோல் கதையைவிட அந்த அரசு நடந்த விதத்தை இது நன்றாகக் காட்டும்.

சின் பாடத்தில் பெருஞ்சுவரின் கல், செங்கல் படம் போட்டிருக்கிறார்களே?

அது பல நூற்றாண்டு பிந்திய மிங் வம்சக் காலத்துச் சுவர். சின் காலத்தது பெரும்பாலும் மண்ணை இடித்துக் கெட்டித்தது. திருத்தச் சொல்லி எழுதுங்கள்.

காலக்கோடு கி.மு. 2070, சியா வம்சம் என்று தொடங்குகிறது. சரியா?

‘மரபுப்படி’ என்ற சொல் பக்கத்தில் இருந்தால் விட்டுவிடலாம். சியாவைப் பெயர் சொல்லும் சமகால எழுத்து இதுவரை இல்லை. எர்லிடோ அகழ்விடம்தான் சியா என்று சீனத் தொல்லியலாளர் பலர் சொல்கிறார்கள். வெளியே அதை ஏற்காதவர்கள் நிறைய. எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு: சான்சிங்துய் அகழ்விடம் இல்லாத அலகுகள். மஞ்சள் ஆற்றுக்குத் தொலைவில், சிச்சுவானில் உள்ள அந்த இடத்தில் 1986இல் துருத்திய கண்களோடு வெண்கல முகங்கள் வெளிவந்த பிறகும், மஞ்சள் ஆற்றங்கரையில் மட்டும்தான் நாகரிகம் பிறந்தது என்று எழுதினால் எப்படி?

காஞ்சிபுரம் பற்றிச் சீன நூலில் இருக்கிறதாமே, சேர்க்கலாமா?

ஹான் வம்ச வரலாற்று நூலான ‘ஹான் ஷு’வில் ‘ஹுவாங்ஜி’ என்றொரு நாடு வருகிறது. அது காஞ்சி என்பது அறிஞர் பலரின் ஊகம், முடிவான செய்தி அல்ல. பெட்டிச் செய்தியாகப் போடுங்கள், தேர்வில் கேட்காதீர்கள்.