கம்பளியில் கெர்மோட் கரடி: கேள்வி பதில்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடலோர மழைக்காட்டில் வாழும் கெர்மோட் கரடியை, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் 8 செ.மீ. பொம்மையாக ஊசிக் கம்பளி வேலையில், அதாவது கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி இறுக்கி, செய்வது பற்றி வந்த கேள்விகள்.

எவ்வளவு கம்பளி, எந்த ஊசி?
உட்கார்ந்த கரடிக்கு உள்கம்பளி 12 கிராம், மேல்கம்பளி 3 கிராம் போதும். குத்தக் குத்தச் சுருங்கும் என்பதால் உருண்டையைத் தேவையைவிடப் பெரிதாகவே உருட்டுங்கள். உருவம் பிடிக்க 36ஆம் எண் ஊசி, இறுக்க 38, முகத்துக்கு 40. ஊசி போன திசையிலேயே திரும்ப வரவேண்டும். உள்ளே இருக்கும்போது நெம்பினால் முனை உடைந்து பொம்மைக்குள்ளேயே தங்கிவிடும். குழந்தை கையில் கொடுக்கும் பொருள் இது.

பனிக்கரடி பொம்மைக்கான வெள்ளைக் கம்பளி மீதியிருக்கிறது. அதையே போடலாமா?
வேண்டாம். பளீர் வெள்ளை போட்டால் பனிக்கரடிதான் வரும். இது கருங்கரடி இனம்தான், ஆனால் நாம் செய்யும் வெள்ளை வகையின் ரோமம் பாலாடை நிறம். மேல்கம்பளியில் ஒரு சிட்டிகை காவிப் பழுப்பைக் கையாலேயே பிய்த்துப் பிய்த்துக் கலந்து, முதுகிலும் பிடரியிலும் கொஞ்சம் தூக்கலாக வையுங்கள். கழுத்து குட்டை, காது பெரிது. தோளில் திமில் வைத்தால் கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடி ஆகிவிடும்.

அல்பினோ கரடிதானே? கண்ணுக்கு இளஞ்சிவப்பு மணி வைக்கலாமா?
அல்பினோ இல்லை. மூக்கு கருமை, கண் பழுப்பு. 3 மி.மீ. கரும்பழுப்பு மணி வையுங்கள்.

வெள்ளையாகப் பிறந்தால் அதுதானே அல்பினோ? நீங்கள் சொல்வது புரியவில்லை.
அல்பினோ உடலில் நிறமி உண்டாவதே தடைப்படுகிறது. அதனால்தான் கண்ணும் மூக்கும் வெளிறுகின்றன. கெர்மோட் கரடிக்கு நிறமி இருக்கிறது. எம்சி1ஆர் என்ற மரபணுவில் ஒரு சிறு மாற்றம், ரோமத்தில் கருநிறமி சேர்வதை மட்டும் நிறுத்துகிறது. அந்த மாற்றம் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டி வெள்ளை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கறுப்பு. ஆகவே கறுப்புத் தாயின் பின்னால் வெள்ளைக் குட்டி நடப்பது அங்கே அதிசயமில்லை. பிரின்சஸ் ராயல், கிரிபெல் தீவுகளில்தான் வெள்ளைக் குட்டிகள் அதிகம். கறுப்புத் தாயும் வெள்ளைக் குட்டியுமாக ஜோடி செய்தால் இந்த விஷயம் முழுவதையும் பொம்மையே சொல்லிவிடும்.

வெள்ளையாக இருந்தால் காட்டில் பளிச்சென்று தெரியுமே, இரை ஓடிவிடாதா?
நல்ல கேள்வி. இரை சால்மன் மீன். அது தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கிறது. வெளிச்சமான வானத்தின் பின்னணியில் கறுப்பைவிட வெள்ளை உருவம் அதற்குக் குறைவாகவே தெரியும். பகலில் வெள்ளைக் கரடிக்கே மீன் கூடுதலாகச் சிக்குகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாயில் 2 செ.மீ. மீன் ஒன்றைக் கவ்வவிடுங்கள்.

வெள்ளைக் கம்பளி, சிவப்புக் கண் போட்டால்...
மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.

தொங்கவிட்டதும் முகம் குப்புறக் கவிழ்கிறது. நூலும் பிய்ந்து வருகிறது.
மூக்குப் பக்கம் கனம். குண்டூசியால் தற்காலிகமாகத் தொங்கவிட்டு, நேராக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு நூலைக் கோத்துவிடுங்கள். மேலாகத் தைத்த நூல் கம்பளியோடு எழும்பி வரும். நீண்ட ஊசியால் தலை வழியே அடிவரை இறக்கி, அடியில் சின்னப் பொத்தானில் முடிச்சிட்டு, மேலே கம்பளி வைத்து மூடுங்கள். அந்த இடத்தில் குத்தும்போதும் நெம்பாதீர்கள். பொத்தானில் பட்டால் ஊசி போச்சு.

வயிற்றில் அந்த ஊர்ப் பழங்குடிகளின் கரடிச் சின்னத்தை வரையலாமா?
கூடாது. இந்தக் கரடியை 'மோக்ஸ்கம்-ஓல்' என்றழைக்கும் சிம்ஷியன் மக்களிடையே குலச்சின்னங்கள் பரம்பரை உரிமை. கடையில் விற்க நினைத்தால் இன்னும் மோசம். கழுத்தில் ஒரு தேவதாரு இலைக்கொத்து கட்டுங்கள், போதும்.

பூச்சி அரிக்காமல் எப்படி வைப்பது?
காற்றுப் புகாத டப்பா. அரிப்பு தெரிந்தால் பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில்.

துணியில் தைக்க அளவு வெட்டுப்படம் தருவீர்களா?
அது தையல்காரர்களிடம் கேட்கவேண்டியது.