பழைய டீசல் எஞ்சின் சாரதி அறை: மணி, விளக்கு, மிதி (கேள்வி பதில்)

கேள்விகள் நிறைய வந்துள்ளன. என் பக்கம் மின்சாரம். பிரேக் வால்வின் உள்வேலையை அது தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை: எம்2 எஞ்சினில் மணி அடித்தால் என்ன பிழை, சேர்?

மணி அதைச் சொல்லாது. 1954 முதல் கனடாவிலிருந்து வந்த ஜெனரல் மோட்டர்ஸ் ஜி12 தான் நம் இலங்கை ரயில்வேயின் எம்2. அந்தக் காலத்து ஜெனரல் மோட்டர்ஸ் எஞ்சின்களில் தண்ணீர் கொதித்தாலும், எண்ணெய் அழுத்தம் விழுந்தாலும், மின்கசிவைக் கண்டுபிடிக்கும் கிரவுண்ட் ரிலே விழுந்தாலும் அடிப்பது ஒரே மணிதான். எது என்று விளக்குத்தான் காட்டும். எஞ்சின்களை இணைத்து ஓட்டினால் மணி எல்லாவற்றிலும் அடிக்கும், விளக்கு பழுதான எஞ்சினில் மட்டும் எரியும். யாராவது பின்னால் போய்ப் பார்த்தாக வேண்டும்.

எண்ணெய் அழுத்தம் விழுந்தால், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரே எஞ்சினை நிறுத்திவிடும். அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கண்டதும் உள்ளே தள்ளி மறுபடி ஸ்டார்ட் பண்ணத்தான் கை போகும். முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். காரணம் தெரியாமல் பொத்தானைத் தொடாதீர்கள்.

வெள்ளவத்தை: பிரித்தானிய எஞ்சின்களிலும் இப்படித்தானா?

பலவற்றில் விளக்கின் நிறமே பேசும். நீலம் பொதுவான பழுது, சிவப்பு எஞ்சின் நின்றது, அம்பர் சில்லு வழுக்கல். இதைவிட, சிக்னலை நெருங்கும்போது தண்டவாளக் காந்தம் தூண்டும் எச்சரிக்கையும் உண்டு. வழி திறந்திருந்தால் மணி, இல்லாவிட்டால் ஹோர்ன். ஹோர்னுக்குப் பொத்தானை அமத்தாவிட்டால் பிரேக் விழும். அமத்தினால் வட்டத் தகட்டில் மஞ்சளும் கறுப்பும் தெரியும், ‘நீ அமத்தினாய்’ என்று நினைவூட்ட. 1952இல் லண்டனின் ஹாரோவில் ரயில்கள் மோதி 112 பேர் இறந்த பிறகுதான் இந்தக் கருவியைப் பொருத்தும் வேலை வேகம் பிடித்தது. மஞ்சள் சிக்னல்கள் அடுத்தடுத்து வந்தால் கை தானாகவே அமத்தப் பழகிவிடும். இங்கேயும் பொத்தான்தான் ஆபத்து.

தெமட்டகொடை: சாரதி தூங்கினால் ரயில் தானாக நிற்குமா?

மிதி பொருத்திய எஞ்சினில் காலை எடுத்தால் விசில் கேட்கும், சில விநாடிகளில் பிரேக் விழும். தூங்குகிறவர் காலை எடுக்க வேண்டுமே!

தெஹிவளை: மிதியே போதும். அடிக்கொரு தரம் பட்டன் அமத்தச் சொல்லி விழிப்பைச் சோதிக்கும் கருவி சாரதிக்குத் தொல்லை.

தொல்லைதான். ஆனால் 2003இல் அவுஸ்திரேலியாவின் வாட்டர்ஃபாலில் சாரதிக்கு மாரடைப்பு வந்தபோது, நினைவிழந்த அவருடைய காலின் பாரமே மிதியை அழுத்திப் பிடித்திருந்தது. ரயில் தடம் புரண்டு ஏழு பேர் இறந்தார்கள். 1986இல் கனடாவின் ஹிண்டனில் ஒரு சரக்கு ரயில் பயணிகள் ரயிலோடு மோதி 23 பேர் இறந்தார்கள். அந்தச் சரக்கு ரயிலின் முன் எஞ்சினில் மிதி மட்டும்தான். விழிப்பைச் சோதிக்கும் கருவி இரண்டாவது எஞ்சினில் இருந்தது, அங்கே ஆளில்லை. தேய்ந்த பிரேக் கட்டையை மிதியில் வைத்துவிட்டுக் காலை நீட்டுவது அங்கே சாரதிகளிடையே வழக்கமாகவும் இருந்தது.

தெஹிவளை மறுபடியும்: அது சாரதியின் பிழை, கருவியின் பிழை இல்லையே?

ஒரு இரும்புத் துண்டு ஏமாற்றக்கூடிய கருவியை எப்படி நல்ல கருவி என்பது?

பம்பலப்பிட்டி: பட்டனை மட்டும் பழக்கத்தில் அமத்த முடியாதா, அண்ணை?

முடியும், நல்ல கேள்வி. அதனால்தான் பிறகு வந்த சில கருவிகள் சாரதி திராட்டிலையோ (எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் பிடி) பிரேக்கையோ அசைத்தாலும் அதைக் கணக்கில் எடுக்கின்றன. உண்மையாக வேலை செய்கிறவருக்குத் தொல்லை குறைவு.

மட்டக்குளி: சாரதி தூங்கிவிட்டால்…

மேலே பாருங்கள்.

கண்டியிலிருந்து வந்து கொழும்பில் இருப்பவர்: மலைநாட்டு மழையில் சில்லு வழுக்கல் விளக்கு?

விட்டு விட்டு எரிந்தால் நொட்ச்சை, அதாவது திராட்டில் படியை, குறையுங்கள், தண்டவாளத்தில் மணல் போடுங்கள். அணையாமல் எரிந்தால் ஏதாவது ஒரு சில்லு சுற்றாமல் இழுபடக்கூடும். நிறுத்தி, எல்லாச் சில்லும் சுழல்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். கிரவுண்ட் ரிலேயும் அப்படித்தான்: திரும்பத் திரும்ப விழுந்தால் ரீசெட் பொத்தானை விட்டுவிடுங்கள்.

கிருலப்பனை: ஹோர்ன் எத்தனை சுரம்? சாரதி தூங்கினால்…

ஹோர்ன் என் துறை இல்லை. மற்றதற்கு மேலே பாருங்கள்.

தெஹிவளை, மூன்றாம் தடவை: பக்கத்தில் உதவியாள் இருந்தால் இந்தக் கருவி ஒன்றுமே வேண்டாம்.

ஹிண்டனில் முன் எஞ்சினில் இரண்டு பேர் இருந்தார்கள்.